புதிய மாணவர்களை வரவேற்கப் போகிறீர்களா? கிறிஸ்தவ மாணவர் ஐக்கியத்தில் முதன்முறை பொறுப்பேற்பவர்களுக்கு

எங்கள் ஐக்கியத்தில் வரவேற்புப் பொறுப்பு என் கைக்கு வந்தபோது நான் முதலாம் ஆண்டை முடித்திருந்தேன். சீனியர்கள் தலையில் கைவைத்து ஜெபித்தார்கள். ஒரு பழைய பேனரையும் பாதி எழுதிய நோட்டு ஒன்றையும் கொடுத்துவிட்டு ஊருக்குக் கிளம்பிவிட்டார்கள். எந்த விண்ணப்பம் எப்போது போக வேண்டும், யார் கையெழுத்து வேண்டும், எதற்கு எவ்வளவு செலவாகும் என்று அந்த நோட்டில் ஒரு வரிகூட இல்லை.

அந்த வருடம் எங்கள் விண்ணப்பம் இரண்டு முறை திரும்பி வந்தது. கேட்டிருந்த அறை வேறொரு மன்றத்துக்குப் போய்விட்டது. அதையெல்லாம் கூட மறந்துவிடலாம். புதிய மாணவர்களுக்காக வைத்த ஸ்டாலில் பெயர் எழுதிக் கொடுத்தவர்களைக் கூப்பிட எங்களுக்கு 11 நாள் ஆனதைத்தான் மறக்க முடியவில்லை. படிவத்தில் ‘குறிப்பு’ என்றிருந்த கட்டத்தில் ஒரு தங்கை பொடி எழுத்தில், ‘யாராவது சீக்கிரம் கூப்பிடுங்கள்’ என்று எழுதியிருந்தாள். பதினோராம் நாள் கூப்பிட்டேன். “பரவாயில்லை அக்கா, இப்போ பழகிடுச்சு” என்றாள். அதன் பிறகு அவள் ஒரு கூட்டத்துக்கும் வரவில்லை.

கீழே உள்ள எல்லாமே அவளை மனதில் வைத்துத்தான். பெயர் கொடுத்தவரை 48 மணி நேரத்துக்குள் ஒரு மனிதக் குரல் எட்ட வேண்டும். காகித வேலையை முன்கூட்டியே முடிப்பதும், பணத்தை ஒழுங்குபடுத்துவதும், அந்த 48 மணி நேரத்தில் உங்கள் ஆட்களின் கை ஓய்வாக இருக்க வேண்டும் என்பதற்காகவே.

விதிகள் கல்லூரிக்குக் கல்லூரி மாறும். நான் சொல்லும் வாரங்களை வகுப்பு தொடங்கும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணிக்கொள்ளுங்கள்.

1. பன்னிரண்டு வாரம் முன்பு: இந்த வருட அங்கீகாரம் இருக்கிறதா?

“நமக்குத்தான் பல வருடமாக அங்கீகாரம் இருக்கிறதே” என்று நினைத்துத்தான் நாங்கள் மாட்டினோம். பெரும்பாலான வளாகங்களில் மாணவர் மன்றங்களின் அங்கீகாரம் வருடா வருடம் புதுப்பிக்க வேண்டியது. பொறுப்பாளர்கள் மாறினாலே பழைய பதிவு செல்லாது என்று வைத்திருக்கும் இடங்களும் உண்டு. அங்கீகாரம் இல்லையென்றால் ஸ்டால் கிடையாது, அறை கிடையாது, அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டக்கூட முடியாது. மாணவர் நல அலுவலகத்துக்கு நேரில் போய், “எங்கள் ஐக்கியத்தின் பதிவு எந்தத் தேதிவரை?” என்று கேளுங்கள். போனில் கேட்டால் வரும் பதிலை நம்பி உட்கார வேண்டாம்.

பொதுவாகக் கேட்கும் ஆவணங்கள் இவை:

- ஐக்கியத்தின் விதிமுறைகள்: நோக்கம், யார் உறுப்பினர், பொறுப்பாளரை எப்படித் தேர்ந்தெடுக்கிறீர்கள், பணத்தை யார் கையாள்கிறார்
- புதிய பொறுப்பாளர்களின் பட்டியலும் மாணவர் அடையாள அட்டை நகல்களும்
- பொறுப்பாசிரியரின் சம்மதக் கடிதம், கையெழுத்தோடும் தேதியோடும்
- போன வருட வரவுசெலவுக் கணக்கு
- வெளி அமைப்போடு இணைந்திருந்தால் அந்த அமைப்பின் கடிதம்

இதில் பொறுப்பாசிரியர் கையெழுத்துதான் எல்லோரும் தடுக்கி விழும் இடம். விடுமுறையில் அவர் ஊரில் இருக்க மாட்டார். பழைய கடிதத்தின் நகலை வைத்தோம், திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவர் விடுமுறைக்குக் கிளம்பும் முன்பே இரண்டு பிரதிகளில் வாங்கிவிடுங்கள். அவர் பணி மாறிப் போகிறாரா என்பதையும் அப்போதே விசாரித்துக்கொள்ளுங்கள்.

வெளி அமைப்பு பற்றியும் அலுவலகம் கேட்கும். உலக மாணவர் கிறிஸ்தவ சம்மேளனம் 1895 முதலும், சுவிசேஷ மாணவர் இயக்கங்களின் உலக ஐக்கியமான ஐ.எஃப்.இ.எஸ். 1947 முதலும் இருக்கின்றன. பல நாடுகளிலுள்ள எஸ்.சி.எம். (மாணவர் கிறிஸ்தவ இயக்கம்) அமைப்புகள் முதலாவதோடும், இந்தியாவின் யு.இ.எஸ்.ஐ. (இந்திய சுவிசேஷ மாணவர் ஐக்கியம்) போன்றவை இரண்டாவதோடும் சேர்ந்தவை. உங்கள் ஐக்கியம் எந்த இயக்கத்தைச் சேர்ந்தது, அல்லது எதிலும் சேராத தனிக் குழுவா என்பதை இரண்டு வரியில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். “வெளியாட்கள் யாராவது நடத்துகிறார்களா?” என்று அலுவலர் கேட்கும்போது முகத்தைப் பார்த்துத் தடுமாறினால் சந்தேகம்தான் வளரும்.

உறுப்பினர் தகுதி பற்றிய விதியைக் கவனமாக எழுதுங்கள். இது சில நாடுகளில் நீதிமன்றம்வரை போயிருக்கிறது. அமெரிக்காவில் ஒரு கிறிஸ்தவச் சட்ட மாணவர் குழு, தன் விசுவாச அறிக்கையை ஏற்பவர்களைத்தான் உறுப்பினராகச் சேர்ப்போம் என்றது. அங்கீகாரம் வேண்டுமானால் எல்லா மாணவர்களுக்கும் இடம் தர வேண்டும் என்றது கல்லூரி. 2010இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 5-4 என்ற கணக்கில் கல்லூரியின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அதே நீதிமன்றம் 1981இல், மற்ற மாணவர் குழுக்களுக்கு அறைகளைத் திறந்துவிடும் அரசுப் பல்கலைக்கழகம் மதக் குழு என்பதற்காக மட்டும் ஒரு குழுவை ஒதுக்க முடியாது என்றும் சொல்லியிருக்கிறது. உங்கள் நாட்டுச் சட்டம் வேறாக இருக்கலாம். ஆனால் வளாகத்தின் விதியைப் படிக்காமல் தகுதி விதியை எழுதாதீர்கள். கூட்டங்களுக்கு யாரும் வரலாம் என்பதை முதல் வரியில் வையுங்கள். பொறுப்பாளர்களுக்கு நிபந்தனை இருந்தால் அதை மறைக்காமல் எழுத்தில் வைத்து, அலுவலகத்துக்குக் காட்டிவிடுங்கள்.

பதில் வர 3 வாரம் என்று கணக்கு வையுங்கள். ஒரு முறை திரும்பி வந்தால் இன்னும் 3 வாரம். 12 வாரம் முன்பே தொடங்கச் சொல்வது இதனால்தான்.

2. எட்டு வாரம் முன்பு: இடமும் தேதியும்

மூன்று தனித்தனி அனுமதிகள் வேண்டும்: ஸ்டாலுக்கு, முதல் கூட்டத்தின் அறைக்கு, அடுத்து வரும் வாராந்தரக் கூட்டங்களின் அறைக்கு. மூன்றாவதைத்தான் எல்லோரும் மறந்துவிடுவார்கள். முதல் கூட்டத்துக்கு வந்தவர் அடுத்த வாரம் அதே அறைக்குப் போய்ப் பூட்டைப் பார்த்துத் திரும்பினால், மூன்றாம் வாரம் அவரைத் தேடிப் பிடிப்பது கடினம். ஒரு பருவம் முழுக்க ஒரே கிழமை, ஒரே நேரம், ஒரே அறை என்று கேளுங்கள். சின்ன அறையாக இருந்தாலும் மாறாத அறைதான் நல்லது.

விண்ணப்பத்தில் உணவு, ஒலிபெருக்கி, வெளிப் பேச்சாளர் ஆகிய மூன்றையும் தனியாகக் குறிப்பிடுங்கள். ஒவ்வொன்றுக்கும் தனி ஒப்புதல் கேட்கும் வளாகங்கள் இருக்கின்றன. பேச்சாளரின் பெயர் கடைசி வாரம் மாறினால் புது ஒப்புதல் தேவைப்படும். எனவே முதல் கூட்டத்துக்கு வெளிப் பேச்சாளரே வேண்டாம் என்பது என் கருத்து. மூன்றாம் ஆண்டு அண்ணன் ஒருவரோ அக்கா ஒருவரோ பத்து நிமிடம் தன் முதல் வாரத்தைப் பற்றிப் பேசினால் போதும். புதியவர்கள் அதைத்தான் காது கொடுத்துக் கேட்கிறார்கள்.

ஒப்புதலை எழுத்தில் வாங்குங்கள், அச்செடுத்துக் கையில் வைத்திருங்கள். எங்களுக்கு அறை இருக்கிறது என்று வாயால்தான் சொல்லியிருந்தார்கள். அன்று மாலை இன்னொரு மன்றம் கையெழுத்திட்ட தாளோடு வந்து நின்றது. வந்திருந்த புதியவர்களைப் படிக்கட்டில் உட்காரவைத்துக் கூட்டம் நடத்தினோம்.

3. ஆறு வாரம் முன்பு: பணம்

செலவு ஐந்து இடங்களில் போகும்: அச்சு, சிற்றுண்டி, அறை அல்லது ஸ்டால் கட்டணம், புதியவர்களுக்குக் கொடுக்கும் பிரதிகள், போன் மற்றும் போக்குவரத்து. கையில் இருப்பதில் பாதியைச் சிற்றுண்டிக்கும் இரண்டாம், மூன்றாம் வாரச் சந்திப்புகளுக்கும் ஒதுக்கிவிட்டு, மிச்சத்தில் மற்றதைப் பாருங்கள். நாங்கள் செய்தது தலைகீழ். பெரிய வண்ணப் பேனர், டி-ஷர்ட் என்று முதலில் செலவழித்தோம். இரண்டாவது வாரம் ஒரு புதியவரை உட்காரவைத்துத் தேநீர் வாங்கித் தரக்கூட ஐக்கியத்தின் கையில் காசில்லை. பேனரில் வருடத்தையும் தேதியையும் போடாதீர்கள். பல வருடம் உழைக்கும்.

பெயர் கொடுத்தவர்கள் எல்லோரும் முதல் கூட்டத்துக்கு வந்துவிட மாட்டார்கள். பாதிப் பேருக்கு உணவு ஏற்பாடு செய்தால் நாங்கள் பார்த்தவரை பற்றாக்குறை வந்ததில்லை. பழைய உறுப்பினர்களை அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அவர்களை வீட்டிலோ ஹாஸ்டலிலோ சாப்பிட்டு வரச் சொல்லலாம். உணவில் என்ன சேர்ந்திருக்கிறது என்று ஒரு அட்டையில் எழுதி வையுங்கள். ஒவ்வாமை இருப்பவர்கள் புது இடத்தில் கேட்கக் கூச்சப்படுவார்கள்.

கல்லூரி நிதி கிடைப்பதாக இருந்தால், அது செலவுக்குப் பின் திரும்பத் தருவதா, முன்பணமா என்று கேளுங்கள். திரும்பத் தருவதென்றால் யாரோ ஒரு மாணவர் பல வாரம் தன் பணத்தைப் போட்டுக் காத்திருக்க வேண்டும். வசதியில்லாத பிள்ளையின் தலையில் அது விழாமல் பாருங்கள். ரசீது எல்லாம் ஐக்கியத்தின் பெயரில், தேதியோடு இருக்க வேண்டும். சபைகளிடமோ பழைய மாணவர்களிடமோ உதவி வாங்கினால் யார், எவ்வளவு, எதற்கு என்று எழுதி, இருவர் கையெழுத்திடுங்கள்.

இன்னொன்று. முதல் மாதத்தில் புதியவர்களிடம் காணிக்கையோ சந்தாவோ கேட்காதீர்கள். பையை நீட்டினால், கையில் சில்லறை இல்லாத பிள்ளை தலையைக் குனிந்துகொள்ளும். அடுத்த வாரம் வராது.

4. நான்கு வாரம் முன்பு: சுவரொட்டியில் என்ன எழுதுவது?

‘கிறிஸ்தவ’ என்ற சொல் பெரிய எழுத்தில் இருக்கட்டும். ‘நண்பர்கள் சந்திப்பு’, ‘தனிப்பயிற்சி உதவி’ என்று மட்டும் போட்டு ஆட்களை வரவழைத்து, உள்ளே வந்தபின் பாட்டுப் புத்தகத்தைக் கையில் கொடுக்கும் வழக்கம் சில குழுக்களிடம் இருக்கிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஏமாந்ததாக உணரும் ஒருவர் நம்மை மட்டும் விட்டுப் போவதில்லை. நாம் யாரைப் பற்றிச் சொல்ல வந்தோமோ, அவரையும் சேர்த்து வெறுத்துவிடுவார்.

சபைப் பேச்சைச் சுவரொட்டியில் குறையுங்கள். ‘அபிஷேகம்’, ‘பாரம்’, ‘எழுப்புதல்’ என்பவை நமக்குள் புரியும், வெளியே புரியாது. நம் ஆட்களுக்குள்ளேயே சொற்கள் வேறு. கத்தோலிக்க வீட்டிலிருந்து வரும் பிள்ளைக்குச் செபம், விவிலியம், திருப்பலி. சீர்திருத்த சபைப் பிள்ளைக்கு ஜெபம், வேதாகமம், ஆராதனை. ஒரு பக்கச் சொற்களை மட்டும் பார்த்தால் மறுபக்கத்துப் பிள்ளை ‘இது எனக்கில்லை’ என்று நடந்துவிடும். ‘எந்தச் சபையாக இருந்தாலும், எந்தச் சபையிலும் இல்லாவிட்டாலும் வாருங்கள்’ என்ற ஒரே வரி எங்களுக்குப் பெரிய பேனரைவிட அதிகம் உதவியது.

நாள், கிழமை, நேரம், அறை, எப்போது முடியும், ஒரு தொடர்பு எண். ‘எப்போது முடியும்’ என்பதை விடாதீர்கள். ஹாஸ்டல் கதவு மூடும் நேரத்தை நினைத்து வராமல் இருப்பவர்கள் உண்டு. எண் ஐக்கியத்துக்கென்று தனியாக ஒரு சிம்மாக இருந்தால் நல்லது. ஒரு மாணவியின் சொந்த எண்ணைச் சுவரில் ஒட்ட வேண்டாம்.

5. இரண்டு வாரம் முன்பு: பெயர் வாங்கும் படிவம்

நோட்டைத் திறந்து வைத்து வரிசையாக எழுதச் சொல்வதுதான் வழக்கம். அதில் முன்னால் எழுதிய எல்லோரின் பெயரையும் எண்ணையும் அடுத்து வருபவர் படிக்கலாம், படம் எடுக்கலாம். ஒருவர் எந்த மதத்தை நாடுகிறார் என்பது சாதாரணத் தகவல் கிடையாது. வீட்டுக்குத் தெரியாமல் விசாரிக்க வருபவர்களும் இருக்கிறார்கள். 2018 மே 25 முதல் நடைமுறையில் உள்ள ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்பு விதிமுறை, மத நம்பிக்கை பற்றிய விவரத்தைத் தனிப் பாதுகாப்பு வேண்டிய வகையில், 9ஆம் பிரிவில் வைத்திருக்கிறது. உங்கள் நாட்டில் அப்படிச் சட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்த அக்கறை நமக்கு வேண்டும்.

ஆளுக்கொரு சின்னச் சீட்டு கொடுங்கள், அல்லது க்யூஆர் கோடு வையுங்கள். கேட்க வேண்டியது ஐந்துதான்: பெயர், துறை, எண், எப்படித் தொடர்பு கொள்ளலாம் (அழைப்பா, செய்தியா), குறிப்பு. பிறந்த தேதி, வீட்டு முகவரி, சாதி, எந்தச் சபை, ஞானஸ்நானம் பெற்றாயிற்றா என்பதெல்லாம் வேண்டாம். அடியில் ஒரு வரி: ‘இந்த விவரம் ஐக்கியத்தின் இரு பொறுப்பாளர்களிடம் மட்டும் இருக்கும், பருவ முடிவில் அழிக்கப்படும், வேண்டாம் என்றால் எப்போது வேண்டுமானாலும் சொல்லலாம்.’

பெயர் எழுதியவுடன் எண்ணை ஒரு முறை வாய்விட்டுப் படித்துச் சரிபாருங்கள். ‘1’ஆ ‘7’ஆ என்று தெரியாத சீட்டு எங்களிடம் நான்கைந்து மிஞ்சிப்போயின. அந்தப் பிள்ளைகள் நாங்கள் கூப்பிடுவோம் என்று காத்திருந்திருப்பார்கள்.

6. ஸ்டால் நாள்

ஒரே நேரத்தில் மூன்று பேருக்கு மேல் நிற்காதீர்கள். பத்துப் பேர் ஒரே நிற டி-ஷர்ட்டில் தங்களுக்குள் பேசிக்கொண்டு நின்றால் தனியாக வரும் பிள்ளை சுற்றிக்கொண்டு போய்விடும். மேசைக்குப் பின்னால் உட்காராமல் முன்னால் வந்து நில்லுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை ஆள் மாற்றுங்கள். ஆணும் பெண்ணும் இருக்கட்டும், முதலாம் ஆண்டை இப்போதுதான் முடித்த ஒருவர் கட்டாயம் இருக்கட்டும்.

“ரட்சிக்கப்பட்டீர்களா?” என்று வாய் திறக்கும் முன் கேட்கும் அன்பர் ஒவ்வொரு ஐக்கியத்திலும் இருப்பார். அவருடைய ஆர்வம் உண்மையானது. அவரிடம் முந்தின நாளே தனியாகப் பேசுங்கள். அந்த மேசையில் கேட்க வேண்டிய கேள்வி, “ஹாஸ்டல் கிடைச்சிடுச்சா? வகுப்பு எங்கேன்னு கண்டுபிடிச்சாச்சா?” என்பதுதான். வளாக வரைபடம் ஒன்றை அச்சடித்து, நூலகம், மருத்துவ அறை, அலுவலகம், தண்ணீர் எங்கே என்று குறித்துக் கொடுங்கள். எங்கள் மேசையில் இருந்த எல்லாப் பிரதிகளிலும் முதலில் தீர்ந்தது அதுதான். அடுத்த வருடம் முதல் பின்பக்கத்தில் கூட்டத்தின் விவரத்தை அச்சடித்தோம்.

7. அடுத்த 48 மணி நேரம்

இந்த இரண்டு நாளுக்கு உங்கள் நல்ல ஆட்களை ஒதுக்கி வையுங்கள். ஸ்டாலுக்கு வர முடியாதவர்கள் இதைச் செய்யலாம். அன்றிரவே சீட்டுகளைப் பிரித்து, ஒருவருக்கு 5 பெயருக்கு மேல் போகாமல் கொடுங்கள். பெண்களைப் பெண்கள் கூப்பிடட்டும். அதே துறையில் ஒரு சீனியர் இருந்தால் அவருக்கே அந்தப் பெயரைக் கொடுங்கள்.

நேராக வாட்ஸ்அப் குரூப்பில் சேர்த்துவிடாதீர்கள். கேட்காமல் சேர்ப்பது தவறு. தவிரவும், குரூப்பில் இருக்கும் எல்லோருக்கும் அந்த எண் தெரிந்துவிடும். முதலில் பெயர் சொல்லி ஒரு செய்தி: ‘நான் இன்னார், ஸ்டாலில் பெயர் கொடுத்திருந்தீர்கள், எப்போது பேசலாம்?’ பதில் வந்தால் பேசுங்கள். வராவிட்டால் நான்கைந்து நாள் கழித்து இன்னொரு செய்தி. அதற்கும் பதில் இல்லையென்றால் நிறுத்திவிடுங்கள். மூன்றாவது செய்தி தொந்தரவு.

பேசும்போது, “கூட்டத்துக்கு வாங்க” என்று முடிக்காமல், “வியாழக்கிழமை உங்க ஹாஸ்டல் வாசலுக்கு நானே வர்றேன், சேர்ந்து போகலாம்” என்று சொல்லிப் பாருங்கள். தெரியாத அறைக்குத் தனியாக நுழைவதுதான் பலருக்கு உண்மையான தடை. வாசலில் நின்று ஜன்னல் வழியே பார்த்துவிட்டுத் திரும்பிப் போனவர்கள் பிறகு எங்களிடமே சொல்லியிருக்கிறார்கள்.

8. முதல் கூட்டம்

ஒரு மணி நேரம். சொன்ன நேரத்துக்குத் தொடங்கி, சொன்ன நேரத்துக்கு முடியுங்கள். தெரிந்த இரண்டு பாட்டு, வரிகள் திரையிலோ தாளிலோ. ஒரு சின்ன வேதபகுதி. ஒருவர் தன் விசுவாச அனுபவத்தைச் சொல்லும் சாட்சி ஒன்று. மிச்ச நேரம் சிற்றுண்டியும் பேச்சும். எல்லோரையும் எழுந்து நின்று அறிமுகம் செய்யச் சொல்ல வேண்டாம், சத்தமாக ஜெபிக்கவும் யாரையும் கூப்பிட வேண்டாம்.

பழைய உறுப்பினர்களுக்கு ஒரு வேலைதான்: புதியவர் ஒருவர் பக்கத்தில் காலி நாற்காலி இருந்தால் அங்கே போய் உட்கார வேண்டும். விடுமுறைக்குப் பின் நண்பர்களைப் பார்க்கும் ஆவலில் இதை மறந்துவிடுவோம், எனவே முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

தொடர் வேதபாடத்துக்கு மாற்கு நற்செய்தியை எடுப்பது வசதி. நான்கு நற்செய்திகளில் சிறியது, 16 அதிகாரம்தான். வேதம் தெரியாதவரும் நடுவில் வந்து சேரலாம்.

9. மூன்றாம் வாரம் முதல் ஆறாம் வாரம்வரை

சேர்க்கை தாமதமாகி வருபவர்களை மறந்துவிடாதீர்கள். ஸ்டால் முடிந்திருக்கும், அறிமுக நாள் முடிந்திருக்கும், மற்றவர்களுக்கு நண்பர்கள் கிடைத்திருப்பார்கள். நாலாவது வாரம் இன்னொரு சின்ன வரவேற்பு வையுங்கள். செலவு அதிகமில்லை, முதல் வரவேற்பில் மிஞ்சிய வரைபடங்களே போதும்.

வந்தவரை நம்மிடமே பிடித்து வைக்க வேண்டும் என்று நினைக்காதீர்கள். ஞாயிறு திருப்பலிக்கு எங்கே போவது என்று கேட்பவருக்குப் பக்கத்துக் கத்தோலிக்க ஆலயத்தின் நேரத்தையும் கத்தோலிக்க மாணவர் குழுவின் எண்ணையும் கொடுங்கள். சபை தேடுபவருக்கு ஒன்றல்ல, மூன்று நான்கு சபைகளின் பெயர், ஆராதனை நேரம், போகும் வழி என்று ஒரு தாள் தயாராக இருக்கட்டும்.

பாதுகாப்பு விஷயத்தில் தளர்வே கூடாது. புதியவர் ஒருவரை ஒரு சீனியர் தனியாக வெளியே அழைத்துப் போகக் கூடாது, அழைக்காமல் அறைக்குப் போகக் கூடாது. வெளியே முகாம் என்றால் எழுத்தில் அனுமதி, வீட்டாருக்குத் தகவல், திரும்பும் நேரம். மனச்சோர்வு, தற்கொலை எண்ணம், ராகிங், துன்புறுத்தல் என்று யாராவது மனம் திறந்தால் அவரோடு உட்கார்ந்து ஜெபியுங்கள். அதே நேரத்தில் வளாக ஆலோசகரிடமோ மருத்துவரிடமோ அன்றைக்கே கூட்டிப் போங்கள். “ஜெபத்தில் சொல்லுங்கள்” என்ற பெயரில் அதை மற்றவர்களிடம் பரப்பாதீர்கள். தங்கள் பெயரைச் சொல்லாமல் மாணவர்களை அணுகும், வீட்டாரிடமிருந்தும் மற்ற சபைகளிலிருந்தும் பிரிக்கப் பார்க்கும் குழுக்கள் இதே வாரங்களில்தான் வளாகத்தைச் சுற்றி வரும். அவை பற்றிப் புதியவர்களிடம் வெளிப்படையாகப் பேசுங்கள்.

10. கோப்பு

பருவ முடிவில் பெயர்ச் சீட்டுகளைக் கிழித்துவிடுங்கள், போனில் இருக்கும் படங்களையும் அழியுங்கள். விண்ணப்பங்களின் நகல், ஒப்புதல் தாள்கள், ஒவ்வொன்றுக்கும் எத்தனை நாள் ஆனது என்ற குறிப்பு, ரசீதுகள், வரைபடத்தின் மூலப் பிரதி, சபைகளின் பட்டியல் ஆகியவற்றை ஒரே கோப்பில் போட்டு அடுத்த பொறுப்பாளரிடம் கொடுங்கள். தேர்வு தொடங்கும் முன், இருவரும் ஒரு மாலை உட்கார்ந்து ஒவ்வொரு தாளாகப் புரட்டிப் பார்த்துக் கொடுங்கள். பேனர் எந்த அலமாரியில் இருக்கிறது, சாவி யாரிடம் என்பதையும் உள் அட்டையில் எழுதிவிடுங்கள்.